ஐந்து அட்டை போதும்

துணிக்கொடிக் கதை பொய். இதை முதலிலேயே சொல்லித் தொலைத்துவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் சுற்றி வளைத்துக்கொண்டே இருப்பேன்.

கதை இதுதான். ஒருநாள் மொட்டை மாடியில் போர்வை காயப் போட்டுக்கொண்டிருந்தேனாம். காற்று பிய்த்துக்கொண்டு போனதாம். ஒரு போர்வைக்கு ரெண்டு க்ளிப்தான் போடணும் என்று யார் சொன்னது, பத்து போட்டால் யார் கேட்கப் போகிறார்கள் என்று சட்டென்று பொறி தட்டியதாம். அப்படித்தான் ஒரு ஆராய்ச்சிக் கட்டுரையை எத்தனை சொல்லால் வேண்டுமானாலும் தேடி எடுக்கிற முறையைக் கண்டுபிடித்தேனாம். சபை சிரிக்கும், கை தட்டும். பாடப் புத்தகத்திலேயே 'துணிக்கொடி முறை' என்று பேர் வைத்துவிட்டார்கள். முப்பத்தெட்டு வருஷமாக இந்தப் புளுகை ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை எனக்கு வாழ்நாள் விருது கொடுத்தார்கள். வயது எழுபத்தொன்று, இனி கொடுக்காவிட்டால் எப்போது கொடுப்பது? அதற்கு நாலு நாள் முன்னால் அக்காவிடமிருந்து போன். பேப்பரில் பார்த்தாளாம். "இத்தனை வருஷத்துல ஒரு கூட்டத்துக்காவது என்னைக் கூப்பிட்டியாடி? நீ கூப்பிடாட்டியும் நான் வரேன். எழுபத்தேழு வயசுல எனக்கென்ன ரோஷம் வேண்டிக்கெடக்கு?" என்றாள்.

கூட்டத்தில் யாராவது நிச்சயம் துணிக்கொடியைப் பற்றிக் கேட்பார்கள். எந்த ஊரில் யார் முன்னாலும் அந்தப் பொய்யைச் சொல்லிவிடுவேன். முன்வரிசையில் அக்காவை உட்கார வைத்துக்கொண்டு சொல்ல என்னால் ஆகாது. உண்மையைச் சொன்னால், எனக்கென்று மிஞ்சியிருக்கிற ஒரே உறவும் போய்விடும். மூன்று நாள் சாப்பாடு இறங்கவில்லை. நாலாவது நாள், வியாழக்கிழமை காலை, கைப்பையில் ஒரு பழைய தாளை வைத்துக்கொண்டு அவள் வீட்டுக்குக் கிளம்பினேன்.

அந்தத் தாளின் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

அப்போது எனக்கு முப்பத்து மூன்று வயது. மருத்துவ ஆராய்ச்சி நூலகம் ஒன்றில் அட்டவணைப் பிரிவுக்குத் தலைவி. கம்ப்யூட்டர் கிம்ப்யூட்டர் எல்லாம் கிடையாது. கட்டுரை வந்தால் படித்து, அது எதையெல்லாம் பற்றியது என்று முடிவு பண்ணி, ஒவ்வொரு தலைப்புக்கும் ஒரு அட்டை டைப் அடித்து, இழுப்பறையில் அகர வரிசைப்படி செருக வேண்டும். டாக்டர்கள் போனில் கேட்பார்கள். நாங்கள் இழுப்பறையைத் திறந்து பார்த்துப் பதில் சொல்வோம். அட்டை இருந்தால் கட்டுரை உண்டு. அட்டை இல்லையென்றால், கட்டுரை அலமாரியில் கண்ணெதிரே கிடந்தாலும் இல்லாத கணக்குத்தான்.

இழுப்பறைகள் பிதுங்கின. புதுசு வாங்கி வைக்க இடம் இல்லை. நான் ஒரு சட்டம் போட்டேன்: ஒரு கட்டுரைக்கு ஐந்து அட்டை, அதற்கு மேல் ஒன்று கூடாது. மேலதிகாரிகள் என்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். எனக்கும் தலைக்கனம் ஏறியது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

டைப்பிஸ்ட் அம்மா ஒருத்தர் மட்டும் முனகிக்கொண்டே இருப்பார். என்னைவிடப் பத்து வயது பெரியவர். ஐந்துக்கு மேல் முக்கியமாக ஏதாவது கண்ணில் பட்டால், கட்டுரையின் ஓரத்தில் பென்சிலால் ஆறாவது தலைப்பை எழுதி, பக்கத்தில் கேள்விக்குறி போட்டு என் மேசைக்கு அனுப்புவார். நான் சிவப்புப் பேனாவால் ஒரே இழுப்பு இழுத்துத் திருப்பி அனுப்புவேன்.

"ரெண்டு வரிதான் மேடம், ஆனா முக்கியமா தெரியுது" என்பார்.

"ரெண்டு வரிக்கெல்லாம் அட்டை போட்டா நீங்களும் நானும் வராண்டாலதான் உக்காரணும். அஞ்சுன்னா அஞ்சுதான்."

அக்கா வீடு அங்கிருந்து மூணு பஸ் ஸ்டாப். ஞாயிற்றுக்கிழமை எனக்கு அங்கேதான் சாப்பாடு. அத்தானுக்கு என்னைக் கிண்டல் பண்ணாவிட்டால் பொழுது போகாது. "வாங்க இழுப்பறை ராணி, இந்த வாரம் எத்தனை டாக்டரை உள்ள தள்ளிப் பூட்டினீங்க?" என்பார். அவர் அலமாரிச் சாவியைத் தொலைத்துவிட்டுத் தேடும்போது, "அட்டை போட்டு வச்சிருக்கணும்" என்று நானும் விடாமல் வாரிவிடுவேன்.

அவருக்கு நெஞ்சில் சளி கட்டி, காய்ச்சல் இறங்காமல் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சிறுநீரகத்திலும் கோளாறு இருந்தது எனக்குத் தெரியாது. தன் உடம்பைப் பற்றி வாயே திறக்காத மனிதர்.

ஒரு செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு அந்த ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. தினம் பத்து போன் வருகிற இடம், அதனால் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஒரு மருந்தின் பேரைச் சொல்லி, "கிட்னி சரியில்லாதவங்களுக்கு இதைக் குடுத்தா ஏதாவது ஆகும்னு எங்கயாவது வந்திருக்கா?" என்று டாக்டர் கேட்டார். மருந்தின் இழுப்பறையில் பத்தொன்பது அட்டை. ஒவ்வொன்றாகப் பார்த்தேன். சிறுநீரக இழுப்பறையையும் பார்த்தேன்.

"ஒண்ணும் இல்ல டாக்டர்" என்றேன். நாலே நிமிஷம். பதிவேட்டில் 'நான்கு நிமிடம்' என்று பெருமையாக எழுதி வைத்தேன்.

ஒன்பதாம் நாள் அத்தான் போய்ச் சேர்ந்தார்.

துக்கம் கேட்க, அவருக்கு வைத்தியம் பார்த்த டாக்டரும் வந்திருந்தார். வாசலில் யாரிடமோ, கிட்னி தாங்கவில்லை என்றார், மருந்தின் பேரையும் சொன்னார். போனில் கேட்ட அதே மருந்து. நான் தண்ணீர்ச் செம்போடு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். செம்பு என் கையிலேயே இருந்தது, எப்படி இருந்தது என்று இன்றுவரை தெரியவில்லை.

அப்புறம் அந்த மருந்தைப் பற்றி வந்த கட்டுரைகளை ஒரு வரி விடாமல் படித்தேன். மூன்றாவது வாரம் அகப்பட்டது. ஏழாம் பக்கம், ரெண்டு வரி. ஓரத்தில் பென்சிலால் 'சிறுநீரகம்?' என்று எழுதியிருந்தது. அதன் மேல் என் சிவப்புக் கோடு. டைப்பிஸ்ட் அம்மாவிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். "அடுத்த கட்டுரையை எடுங்க மேடம்" என்று மட்டும் சொன்னார்.

எடுத்தேன். வெறி பிடித்த மாதிரி எடுத்தேன். கட்டுரைக்கு ஒரு எண் கொடு, சொல்லுக்கு ஒரு அட்டை வை, அந்தச் சொல் வருகிற கட்டுரைகளின் எண்களை எல்லாம் அதில் எழுது. மருந்தின் அட்டையையும் சிறுநீரகத்தின் அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ரெண்டிலும் இருக்கிற எண் காட்டிக் கொடுத்துவிடும். கட்டுரைக்கு ஐந்து என்ன, ஐம்பது சொல் கூட எடுக்கலாம். பின்னால் கம்ப்யூட்டர் வந்தபோது அதற்கும் இதையே சொல்லிக் கொடுத்தேன். பேர் வந்தது, பட்டம் வந்தது. கேட்டவர்களுக்கு எல்லாம் துணிக்கொடிக் கதை.

அக்கா வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை போவது மட்டும் நின்றுவிட்டது. வேலை என்றேன். வெளியூர் என்றேன். அவள் முகத்தைப் பார்க்கத் திராணி இல்லை என்று எப்படிச் சொல்வது? கல்யாணமும் பண்ணிக்கொள்ளவில்லை. என் வீட்டில் ஒரு தட்டு, ஒரு தம்ளர். சில நாள் பேசாமல் இருந்து இருந்து, பால்காரரிடம் பேசும்போது என் குரலே எனக்குப் புதுசாகக் கேட்கும். பாழாய்ப்போன தனிமை, நானே தேடிக்கொண்டது.

சரி, வியாழக்கிழமைக்கு வருகிறேன். அக்கா கதவைத் திறந்தாள். கூடத்து நாற்காலியில் மறுநாள் போடுவதற்கான துணியை இஸ்திரி போட்டுத் தொங்கவிட்டிருந்தாள்.

"அக்கா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"முதல்ல செருப்பைக் கழட்டு. மகாராணிக்கு இப்பவாவது வழி தெரிஞ்சுதே."

நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். ஐந்து அட்டை, போன், நாலு நிமிஷம், சிவப்புக் கோடு. தாளை நீட்டினேன்.

"கண்ணாடிய எங்கயோ வச்சுட்டேன். நீயே படி."

படித்தேன். "சிறுநீரகம் பழுதுபட்ட மூன்று நோயாளிகளுக்கு இம்மருந்து உடலில் தேங்கிவிட்டது. அத்தகையோருக்கு இதைத் தவிர்ப்பது நலம்."

"இவ்ளோதானா?"

"இவ்ளோதான்க்கா."

அவள் மெதுவாகக் கட்டிலில் உட்கார்ந்தாள். "டாக்டர் வேற மருந்துதான் தரேன்னார். மெதுவாத்தான் கேக்கும், ஆனா பயமில்லன்னார். இது சீக்கிரம் கேக்கும், ஆனா கிட்னிக்கு ஒத்துக்குமான்னு இழுத்தார். நான்தான் சொன்னேன், என் தங்கச்சிகிட்ட கேளுங்க, அவ இருக்குன்னா இருக்கு, இல்லன்னா இல்லன்னு. உன் ஆபீஸ் நம்பரைக்கூட நான்தான் எழுதிக் குடுத்தேன்."

நான் அவள் எதிரே தரையில் உட்கார்ந்தேன்.

"இல்லையாம்னு வந்து சொன்னார். அப்ப குடுங்கன்னு நான்தான் சொன்னேன்." அவள் என்னைப் பார்க்காமலே பேசினாள். "அது இவருக்காகக் கேட்டதுன்னு உனக்குத் தெரியாதுன்னு நெனச்சேன். தெரிஞ்சா நீ ஒடிஞ்சு போயிடுவேன்னுதான் வாயைக் கட்டிக்கிட்டு இருந்தேன். புது மருந்து, உலகத்துல யாருக்குமே தெரிஞ்சிருக்காதுன்னு என் மனசை நானே தேத்திக்கிட்டேன். தெரிஞ்சிருக்கு. உன் நாற்காலிக்குப் பின்னாலேயே இருந்திருக்கு."

"ஆமாக்கா."

தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது கிளம்பிப் போனதும் அக்கா நிமிர்ந்தாள்.

"இப்ப யாராவது கேட்டா அது கெடைக்குமா?"

"கெடைக்கும்க்கா. முதல்ல அதுதான் வரும்."

"ம்" என்றாள். தாளை என் கையிலிருந்து வாங்கி மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். எழுந்து போய், நாற்காலியில் தொங்கின துணியை எடுத்து பீரோவுக்குள் வைத்து மூடினாள்.

"நாளைக்கு நான் வரலடி."

"சரிக்கா."

"கோவம் இல்ல." கொஞ்சம் யோசித்தாள். "கோவமும்தான். கொஞ்ச நாள் ஆகட்டும். ஆனா நாளைக்கு அந்தத் துணிக்கொடி கண்றாவியச் சொல்லாத. அவர் கேட்டா சிரிப்பார்."

வெள்ளிக்கிழமை அரங்கம் நிறைந்திருந்தது. முன்வரிசை நாற்காலி ஒன்றில் 'குடும்பம்' என்று சீட்டு ஒட்டியிருந்தார்கள். எதிர்பார்த்தபடியே ஒரு பெண் எழுந்து, "மேடம், அந்தத் துணிக்கொடி..." என்று ஆரம்பித்தாள். எல்லாரும் சிரிக்கத் தயாரானார்கள்.

"அது பொய்மா" என்று ஆரம்பித்து, ஐந்து அட்டையிலிருந்து சிவப்புக் கோடு வரை சொன்னேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை, கை தட்டவுமில்லை. அந்தப் பெண் மட்டும் இன்னும் நின்றுகொண்டிருந்தாள்.

"அந்த டாக்டர் யாருக்காகக் கேட்டாருன்னு அப்புறம் தெரிஞ்சுதா மேடம்?"

"எங்க அத்தானுக்காக" என்றேன். அந்த வார்த்தையை வாய்விட்டுச் சொல்லி எத்தனை வருஷம் ஆகியிருந்தது! "என்னைக் கேக்கச் சொன்னது எங்க அக்கா. நான் இல்லன்னு சொன்னா இல்லன்னு நம்பினா."

கூட்டம் கலைந்து, வேலையாட்கள் நாற்காலிகளை மடக்க ஆரம்பித்தார்கள். சீட்டு ஒட்டின நாற்காலியில் கடைசிவரை யாரும் உட்காரவில்லை.