அடுத்த கோடைக்கு ஒரு ஏசி

விஸ்கான்சின்காரர்களுக்கு ஒரு வீம்பு உண்டு. குளிர் எலும்பைத் துளைத்தாலும் நவம்பர் பிறக்கும்வரை வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸைப் பற்றவைக்க மாட்டார்கள். யார் முதலில் பற்றவைக்கிறானோ அவன் தோற்றவன். வாசா நகரத்துக் காகித ஆலையில் உழைத்து ஓய்வு பெற்ற டுவெயின் க்ராவ்சிக், இந்தப் போட்டியில் மைத்துனர் மெர்லிடம் ஒரு வருஷம்கூடத் தோற்றதில்லை. கம்பளிக் குல்லாயைப் போட்டுக்கொண்டு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தாரே தவிர, தோற்கவில்லை. நடுவில் மாட்டிக்கொண்டு தவித்தவள் அவர் மனைவி ஆர்லிஸ்தான். ஜூலை மாதத்திலேயே ஸ்வெட்டரைத் தேடுகிற உடம்பு அவளுக்கு.

இந்த வருஷம் டுவெயின் செப்டம்பரிலேயே தோற்றார். ஆர்லிஸின் புற்றுநோய்க்கு இனி மருந்தில்லை என்று ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள். அவளை வீட்டுக்குக் கூட்டிவந்து, முன்னறை ஜன்னலோரம் கட்டில் போட்டுப் படுக்கவைத்திருந்தார். மூன்று போர்வைக்கு அடியில் அவள் வெடவெடவென்று நடுங்குவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. விடுவிடுவென்று நிலவறைக்கு இறங்கிப்போய் ஃபர்னஸைப் பற்றவைத்தார்.

சேதி எப்படித்தான் போனதோ, மெர்ல் போனில் குதித்தார். "என்ன மாப்ள, கவுந்துட்டியா! இத்தன வருஷத்துல இப்பதான்யா எனக்கு விடிஞ்சுது!"

"உன் தங்கச்சிக்குக் குளிருது மெர்ல்."

"சரி மாப்ள," என்று மட்டும் சொல்லிவிட்டு மெர்ல் போனை வைத்துவிட்டார்.

பற்றவைத்தும் புண்ணியமில்லை. சுவரில் மாட்டியிருந்த விஷவாயு அலாரம் கத்திய கத்தலில் தெருவே விழித்துக்கொண்டது. கேஸ் கம்பெனி ஆள் வந்து பார்த்தான். ஃபர்னஸின் உள்ளறையில் விரிசல். இனி இதைப் பற்றவைத்தால் வீட்டில் இருக்கிறவர்கள் தூக்கத்திலேயே போய்விடுவார்கள் என்று சொல்லி, கேஸை மூடி, சிவப்பு அட்டையைக் கட்டித் தொங்கவிட்டுப் போனான். கடையிலிருந்து வாங்கிவந்த சின்ன மின்சார ஹீட்டர்கள் ஆர்லிஸின் காலைச் சூடாக்கினால் தோளை விட்டுவிட்டன. புது ஃபர்னஸ் உடனே வேண்டும்.

மறுநாளே கெண்ட்ரா வந்தாள். முப்பது வயதிருக்கும், பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். ஃபர்னஸ், ஏசி மாட்டுகிற தொழில்; அவளும் அவள் அண்ணனுமாக நடத்துகிற சின்ன கம்பெனி. ஜன்னல்களை அளந்தாள், நிலவறைக்குப் போய் வந்தாள், ஆர்லிஸின் கட்டிலுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"கோடைல எந்த ரூம் ரொம்ப அனலா இருக்கும்?"

"கோடையப் பத்தி இப்ப என்னம்மா பேச்சு?" என்றார் டுவெயின். "எங்களுக்கு ஃபர்னஸ் மட்டும் போதும்."

"எல்லாருமே ஃபர்னஸ், ஏசி ரெண்டையும் சேத்துத்தான் சார் பாப்பாங்க. ஃபர்னஸ்ல இருக்கற காத்தாடிதான் ஏசிக்கும் காத்தத் தள்ளும். குளிர வைக்கற பாகம் ஃபர்னஸ் தலைமேலதான் உக்காரும். அப்புறம் போட்டுக்கலாம்னா எல்லாத்தயும் மறுபடி பிரிக்கணும்."

"இவளுக்கு ஏசி ஆகாது. விட்டுடு."

ஆகாதுதான். அதனால்தானே அந்த வீட்டில் நாற்பத்தாறு வருஷமாக ஏசி நுழையவில்லை. ஆலையில் காகிதம் உலர்த்தும் உருளைகளுக்கு நடுவே வெந்துவிட்டு வருகிற மனிதர், ஜூலை மாத ராத்திரிகளில் தலையணையைத் தூக்கிக்கொண்டு நிலவறைக்குப் போய், மடக்குக் கட்டிலில் படுத்துக்கொள்வார். ஆர்லிஸ் நிலவறைப் படியின் உச்சியில் நின்று, "உயிரோட இருக்கியா?" என்று கத்துவாள். "இருக்கேன், இருக்கேன். உனக்கு அதிர்ஷ்டமில்ல!" என்று கீழேயிருந்து பதில் போகும். அப்படியே ஒரு தாம்பத்தியம் ஓடிவிட்டது.

"ஏசியும் போடு பொண்ணே," என்றாள் ஆர்லிஸ், போர்வைக்குள்ளிருந்து.

"உனக்குத்தான் ஆகாதே!"

"எனக்கு யாரு கேட்டா? உனக்குக் கேட்டேன்."

"நல்லா கேட்ட போ. ஜூலைல பல்லு கிட்டிக்கிட்டு என் உயிர எடுப்ப."

"டுவெயின்." அவள் குரல் தணிந்தது. "ஜூலைல பல்லு கிட்டிக்க நான் இருக்க மாட்டேன்ப்பா."

டுவெயின் விருட்டென்று எழுந்து கார் கொட்டகைக்குப் போய்விட்டார். அங்கே செய்ய ஒரு வேலையும் இல்லை. பனி தள்ளும் இயந்திரத்தின் சக்கரத்தைத் துடைத்தார், துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார். ஃபர்னஸ் வாங்குவது அவளுக்கு. அதை எவ்வளவு கொடுத்தும் வாங்குவார். ஏசி வாங்குவதென்றால், அவள் இல்லாத ஒரு கோடைக்கு அவள் கண்ணெதிரிலேயே ஏற்பாடு செய்வது. எந்தப் பாவி மனுஷனுக்கு அதற்கு மனசு வரும்? கொட்டகை ஜன்னல் வழியே முன்னறையைப் பார்த்தார். ஆர்லிஸ் ஏதோ சொல்ல, கெண்ட்ரா குனிந்து காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். சாவகாசமாகப் பேச இவர்களுக்கு என்ன கிடக்கிறது என்று அவருக்கு எரிச்சலாக வந்தது.

அவர் திரும்பி வந்தபோது எல்லாம் முடிவாகியிருந்தது. சத்தம் போடாத ஃபர்னஸ், அதன் தலைமேல் ஏசி.

"கையெழுத்துப் போடு," என்றாள் ஆர்லிஸ். "போடலேன்னா இன்னிக்கு சூப் குடிக்க மாட்டேன்."

"மிரட்டறியா?"

"ஆமா. கட்டிக்கிட்ட நாள்லேருந்து வேற என்னத்தப் பண்ணேன்?"

டுவெயின் பேனாவை எடுத்தார். இவளை அனுப்பிவைக்கச் சம்மதம் என்று எழுதிக் கொடுப்பதைப் போலிருந்தது அவருக்கு. போட்டார்.

"ஆனா ஒண்ணு. அந்த ஏசிய நான் கையால தொட மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்."

"தொடாத," என்றாள் ஆர்லிஸ். "உன்ன யாரு தொடச் சொன்னா?"

புது ஃபர்னஸ் வந்த பிறகு வீடு அடுப்பங்கரை மாதிரி ஆனது. வெளியே முழங்காலளவு பனி. உள்ளே டுவெயின் பனியனோடு வியர்த்து வழிய உட்கார்ந்திருப்பார். முன்பெல்லாம் அவள் ஏற்றிவைத்த சூட்டை அவள் திரும்பியதும் இறக்கிவைப்பார். இப்போது அவரே போய் ஏற்றிவைத்தார். "இன்னும் கொஞ்சம் வைக்கட்டா?" என்று கேட்டுக் கேட்டு வைத்தார். ஆர்லிஸ் போர்வையைக் காலால் தள்ளிவிட்டுச் சிரித்தாள். "இதுக்கு நான் சாகக் கெடக்கணுமா? முன்னாடியே வச்சிருக்கலாம்ல, கஞ்சப்பயலே!"

பிப்ரவரியில் ஒரு விடிகாலை அவள் போய்விட்டாள். அவர் கைக்குள் இருந்த அவள் கை கடைசிவரை கதகதப்பாக இருந்தது. அந்தத் திருப்தியை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் எத்தனை நாள் தள்ள முடியும்?

குளிர்காலத்தில் ஏசியை ஓட்டிப் பார்க்க முடியாது என்பதால் மே மாதம் கெண்ட்ரா மறுபடி வந்தாள். டுவெயின் கதவைத் திறந்துவிட்டு, அவள் முகத்தைக்கூடப் பார்க்காமல் கார் கொட்டகைக்குப் போய்விட்டார். வேலை முடிந்ததும் அவள் கொட்டகை வாசலில் நின்று ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அப்புறம் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வண்டியேறினாள்.

ஜூன் பிறந்ததும் வெயில் பிய்த்து வாங்கியது. மெர்ல் தினமும் போனில் கத்தினார். "புதுசா வாங்கி வச்சுக்கிட்டு எதுக்குய்யா வேகற? அத ஒரு அமுக்கு அமுக்கித் தொலையேன்!"

"அமுக்க மாட்டேன்."

"உன் வீம்புல இடி விழ!"

எப்படி அமுக்குவார்? அந்தக் குளிர்காற்று வந்துவிட்டால், இந்த வீட்டில் குளிருதே என்று சொல்ல ஆளில்லை என்று ஆகிவிடும். நிலவறை மடக்குக் கட்டிலில் போய்ப் படுத்தார். தூக்கம் வராமல் படியின் உச்சியையே பார்த்துக்கொண்டு கிடந்தார். யாரும் வந்து நின்று கத்தவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அனல் உச்சிக்கு ஏறியது. ஆர்லிஸின் கட்டில் கிடந்த இடத்தில் இப்போது அவளுடைய சாய்வு நாற்காலி. அதற்கு எதிரே டுவெயின் உட்கார்ந்திருந்தார். சூட்டைக் கூட்டிக் குறைக்கிற சுவர்ப் பெட்டியிலிருந்து 'டிக்' என்று ஒரு சத்தம். கீழே நிலவறையில் ஏதோ முனகியது. தரையிலிருந்த காற்றுத் துவாரத்திலிருந்து சில்லென்று ஒரு காற்று வந்து அவர் காலைத் தொட்டது.

தூக்கிவாரிப்போட்டது அவருக்கு. போனை எடுத்துக் கெண்ட்ராவைப் பிடித்தார்.

"என்னத்தம்மா மாட்டி வச்சிருக்க? தானா ஓடுது! நான் கிட்டவே போகல, தானா ஓடுது!"

"அது ரிப்பேர் இல்ல சார்," என்றாள் கெண்ட்ரா. "நான்தான் மே மாசம் வந்தப்ப அப்படி வச்சேன். அவங்க சொல்லியிருந்தாங்க. நீங்க அன்னிக்கு எந்திரிச்சுப் போனீங்கல்ல, அப்ப."

"என்ன சொன்னா?"

"'அந்தாளு வீம்புக்காரன், வெந்து செத்தாலும் கையால போட மாட்டான். வெயில் ரொம்ப ஏறினா தானா ஓடற மாதிரி வச்சிட்டுப் போயிடு. அவன்கிட்ட இப்பச் சொல்லாத, கெடுத்துடுவான். இத்தன வருஷம் எனக்காகக் கீழ போய்ப் படுத்தான். இனிமேலாவது மேல எங்க ரூம்ல படுக்கட்டும்'னாங்க. மே மாசம் வந்தப்பவே உங்ககிட்டச் சொல்லிடணும்னு இருந்துச்சு சார். வாய் வரல."

டுவெயின் போனை வைத்தார். எழுந்துபோய் சுவரிலிருந்த பெட்டிக்கு முன்னால் நின்றார். ஒரு அமுக்கு அமுக்கினால் நின்றுவிடும். விரலைக் கொண்டுபோனார். அவள் கடைசியாகச் செய்துவிட்டுப் போன காரியம் அதுதான். விரலை எடுத்துக்கொண்டார்.

காற்று அறையெல்லாம் பரவியது. பழக்கம் விடுமா? சாய்வு நாற்காலியில் மடித்துவைத்திருந்த, அவள் பின்னிய கம்பளிப் போர்வையை எடுத்து உதறினார். யாருக்குப் போர்த்துவதற்காக உதறினோம் என்று அப்புறம்தான் உறைத்தது. ஐயோ என்று வாய்விட்டே அழுதார். அழுது ஓய்ந்து, அவள் நாற்காலியிலேயே உட்கார்ந்து, போர்வையைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

வாழ்நாளில் ஒருமுறைகூட அந்த வார்த்தையைச் சொல்லாத மனிதர், எதிரே இருந்த தன் வெறும் நாற்காலியைப் பார்த்துச் சொன்னார்.

"குளிருது ஆர்லிஸ்."