செங்கம்மாள் பார்த்த அளவு

செங்கம்மாளைப் போல ஒருத்தியை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. நான் யாரையும் லேசில் புகழ்கிறவள் இல்லை. கும்மிடிப்பூண்டியில் என்னைத் தெரிந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், மேரிக்கு வாய் நீளம் என்றுதான் சொல்வார்கள்.

எழுபத்திரண்டில் நாங்கள் இருவரும் பட்டணத்துக் கல்லூரி ஒன்றில் பி.யூ.சி. என்ற புகுமுக வகுப்பில் சேர்ந்தோம். நான் கும்மிடிப்பூண்டியில் பாசஞ்சர் ஏறுவேன். அவள் பழவேற்காட்டுப் பக்கம் ஒரு மீனவர் குப்பத்திலிருந்து பஸ் பிடித்து வந்து பொன்னேரியில் ஏறுவாள். பள்ளியில் இருவருமே தமிழில் படித்தவர்கள். கெமிஸ்ட்ரி புத்தகமோ முழுக்க இங்கிலீஷ். முதல் பாடத்தைத் திறந்ததும் எனக்குத் தலை சுற்றியது. அவளோ டிக்‌ஷனரியை மடியில் வைத்துக்கொண்டு அரிசியில் கல் பொறுக்குவது போல ஒவ்வொரு வார்த்தையாகப் பொறுக்க ஆரம்பித்தாள்.

அந்த நேரம் பார்த்து விரிவுரையாளர் அருணாச்சலம் தலையில் குண்டைத் தூக்கிப் போட்டார். முதல் தேர்வில் கெமிஸ்ட்ரி பிராக்டிகலில் தேறாதவர்களை ஆர்ட்ஸ் குரூப்புக்கு மாற்றிவிடுவார்களாம். என்னை மாற்றினால் ஒரு மூச்சு அழுதுவிட்டு ஹிஸ்டரி படித்திருப்பேன். செங்கம்மாள் கதை வேறு. படித்தால் ஆஸ்பத்திரி லேபில் வேலை கிடைக்கும் என்று சொல்லித்தான் அவள் அம்மா எல்லம்மா சொந்தக்காரர்களின் வாயை அடைத்து அவளை அனுப்பியிருந்தாள். சயின்ஸ் போனால் காலேஜும் போச்சு. தாய்மாமன் மகன் ஒருவன் மாலையோடு தயாராகக் காத்திருந்தான்.

பிராக்டிகலில் எங்களை ஆட்டி வைத்தது பியூரெட். கோடு போட்ட நீளக் கண்ணாடிக் குழாய், அடியில் ஒரு திருகு. அதிலிருந்து அமிலத்தைச் சொட்டுச் சொட்டாகக் குடுவையில் விட வேண்டும். குடுவையில் இருக்கும் இளஞ்சிவப்பு மறைகிற சொட்டில் நிறுத்திவிட்டு, குழாயில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். அதில்தான் வம்பு. கண்ணாடிக்குள் நீர் ஓரத்தில் ஏறியும் நடுவில் குழிந்தும் நிற்கும். குழிவின் அடியைப் பார்த்து எழுத வேண்டும். ஓரத்தைப் பார்ப்பவர்களை ஃபெயிலாக்குவேன் என்று அருணாச்சலம் சார் மிரட்டி வைத்திருந்தார்.

செங்கம்மாளின் கண் ஓரத்துக்குத்தான் போகும். அவள் அப்பா துலுக்காணம், பழவேற்காடு ஏரியில் கழி ஊன்றிப் படகு தள்ளுகிறவர். கழியைத் தூக்கியதும் ஈரம் எதுவரை ஏறியிருக்கிறதோ அங்கே கட்டை விரல் நகத்தை வைத்து ஆழம் சொல்வார். நடக்கப் பழகியதிலிருந்து அவளும் அந்தக் கழியோடு வளர்ந்தவள். தண்ணீர் ஒட்டியிருக்கும் இடம்தான் அளவு என்று அவள் கைக்கே பாடமாகியிருந்தது.

என் அப்பா வேலை செய்த கெமிக்கல் கம்பெனியில் விளிம்பு உடைந்ததென்று தூக்கிப்போட்ட அளவுக் குடுவை ஒன்றை எனக்குக் கொண்டுவந்து கொடுத்தார். தினமும் அதில் தண்ணீர் ஊற்றி ரயிலில் எடுத்துப்போனோம். ஓடும்போது தண்ணீர் கூத்தாடும். மீஞ்சூரில் எக்ஸ்பிரஸுக்கு வழிவிட்டு வண்டி நிற்கும்போதுதான் எங்கள் வகுப்பு. நான் வாத்தியாரம்மா.

"அடியப் பாருடி! ஓரத்த ஏன் பாக்குற?"

"பாத்துக்கினுதான் இருக்கேன். வெரல் தன்னால மேல போவுது."

கீரைக்கூடையோடு எதிரில் உட்கார்ந்திருக்கும் குப்பாயிக்கு இது தினசரி வேடிக்கை. "இன்னாம்மா, வெறுந்தண்ணிய அப்டி மொறைக்கிறீங்க?" என்று ஒரு நாள் கேட்டாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். செங்கம்மாள் திருப்பிக்கொள்ளவில்லை. புளிப்பும் காரமும் ஒன்றையொன்று தீர்த்துவிடுவதை, நிறம் போகிற அந்தக் கடைசிச் சொட்டை, குப்பாயிக்குப் புரிகிற வரைக்கும் சொன்னாள். அதைச் சொல்ல அவளுக்கு ஒரு இங்கிலீஷ் வார்த்தைகூடத் தேவைப்படவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட எனக்கே அன்றுதான் பாடம் விளங்கியது. எரிச்சலாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

தேர்வு நாள் வந்தது. அவளுக்கு என் மேஜையிலேயே எதிர்ப்பக்கம். ஆளுக்கு ஒரு பாட்டில் அமிலம், மூன்று தடவைக்குத்தான் வரும். சொட்டு விடுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. திருகைப் பூ மாதிரித் திருப்பி, சரியாக அந்தக் கடைசிச் சொட்டில் நிறுத்தினாள். நான் என் வேலையை முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். மூன்றாவது அளவு எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் கட்டை விரல் நகம் குழாயின் ஓரத்தில், நீர் ஏறி ஒட்டியிருந்த இடத்தில் இருந்தது.

"அடி! அடி!" என்று உதட்டை மட்டும் அசைத்துக் காட்டினேன்.

அவளுக்குப் புரிந்தது. முகம் வெளிறிவிட்டது. பாட்டிலைப் பார்த்தாள், காலி. மூன்று தடவையும் ஓரத்தைத்தான் பார்த்திருக்கிறாள். அளவுகளைப் பென்சிலில்தான் எழுதச் சொல்லியிருந்தார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கோடு தள்ளி எழுதினால் முடிந்தது, யாருக்கும் தெரியப்போவதில்லை. நான் ரப்பரை மேஜை மேல் உருட்டிவிட்டேன்.

எடுத்தாள். தாளுக்கு மேலே பிடித்தபடி குழாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ரப்பரைக் கீழே வைத்துவிட்டு, எல்லா அளவும் ஓரத்தைப் பார்த்து எடுத்தவை என்று தாளின் அடியில் தட்டுத்தடுமாறி இங்கிலீஷில் எழுதினாள். படுபாவி, தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறாளே என்று எனக்கு ஆத்திரம் பொங்கியது.

அருணாச்சலம் சார் வந்தார். படித்தார். "நான் என்ன சொன்னேன், நீ என்ன செஞ்சிருக்கே?"

"தப்புதான் சார்." குரல் நடுங்கியது. "ஆனா ஆரம்பத்துலயும் ஓரத்ததான் பாத்தேன், முடிவுலயும் ஓரத்ததான் பாத்தேன். ரெண்டு தபாவும் தண்ணி ஒரே அளவுதான் ஏறி நிக்குது. ஒண்ணுலேர்ந்து ஒண்ணு கழிச்சா அது போயிடுது சார். எறங்கினது சரியாதான் இருக்கும்."

அவர் தன் சட்டைப் பையிலிருந்த சீட்டை எடுத்தார். அவரே காலையில் செய்து பார்த்த விடை அதில் இருந்தது. கழித்துப் பார்த்தார். இன்னொரு தடவை கழித்துப் பார்த்தார். அடியைப் பார், அடியைப் பார் என்று ரயில் முழுக்கக் கத்திய நான், எதற்காகப் பார்க்க வேண்டும் என்று ஒரு நாளாவது யோசித்திருப்பேனா? இவள் அந்த நடுக்கத்திலும் யோசித்திருக்கிறாள்.

"விடை சரி," என்றார் சார். குரல் இறங்கியிருந்தது. "மாத்தி எழுதியிருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காதே. ஏன் எழுதல?"

"அடிய நான் பாக்கலயே சார். பாக்காதத எப்டி எழுதறது?"

அவர் பேனாவை எடுத்தார். முறை தவறியதற்கு மார்க்கை வெட்டினார். மிச்சத்தை அப்படியே போட்டு, சயின்ஸ் குரூப் என்று அவள் பெயருக்கு எதிரே எழுதிக் கையெழுத்திட்டார்.

அவர் அடுத்த மேஜைக்குப் போகும்வரை நின்றவள், போனதும் குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

"பாஸாயிட்டியேடி, இப்ப இன்னாத்துக்கு அழுவுற?"

"பயந்துட்டேன் மேரி. ரப்பர கையில எடுத்துட்டேன்டி."

எனக்கு அந்த நிமிஷம் அவள் காலில் விழலாம் போலிருந்தது. விழவில்லை. என் தாவணித் தலைப்பைக் கொடுத்து மூக்கைத் துடைத்துக்கொள்ளச் சொன்னேன்.