மரம் இவர் பாடு, கம்பி அவர் பாடு

தச்சருக்கும் அவருடைய மச்சானுக்கும் இடையில் ஓர் ஒப்பந்தம் இருந்தது. இருவரும் கூட்டாகப் பாய்மரப் படகு வாங்கிய முதல் மாதத்திலேயே போட்டது. பாய்மரத்தை இழுத்துப் பிடித்து நிற்கும் கம்பிகளைப் பற்றித் தச்சர் ஏதோ யோசனை சொல்லப்போக, லிஃப்ட் மெக்கானிக்காகப் பாதி ஊரைக் கம்பியில் தொங்கவிட்டு வைத்திருக்கும் மச்சானுக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. பதிலுக்கு அவர் அலமாரிக் கதவுகளைப் பற்றி ஒரு வார்த்தை விட்டார். இரண்டு வாரம் பேச்சு இல்லை. நடுவில் அகப்பட்டு முழித்தவள் தச்சரின் மனைவி. இவருக்குப் பெண்டாட்டி, அவருக்குத் தங்கச்சி. கடைசியில் அவள்தான் தீர்ப்புச் சொன்னாள். மரம் இவர் பாடு, கம்பி அவர் பாடு, ஒருவர் வேலையில் மற்றவர் மூக்கை நுழைக்கக் கூடாது. ஆறு வருஷமாக இரண்டு பேரும் அதை அட்சரம் பிசகாமல் காப்பாற்றினார்கள். ரோஷக்காரர்கள் சமாதானமானால் அப்படித்தான், சண்டையே தேவலை.

படகு பழசு. முப்பத்தைந்து வயது ஃபைபர் படகு, தச்சர் மகளை விட மூத்தது. ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் அந்த மகளுக்கு லீவு கிடைத்தால் வேறு போக்கிடம் கிடையாது, கடல்தான். இந்தச் சனிக்கிழமை ஒரு தோழியோடு தீவுக்குப் போவதாக இருந்தாள். பன்னிரண்டு மணி நேரப் பயணம், அதில் பாதி நேரம் எந்தப் பக்கமும் கரை தெரியாது. அதற்கு முன்னால் பாய்மரத்துக்குப் பெயிண்ட் அடித்துவிடலாம் என்று கம்பிகளைக் கழற்றி அதைக் கீழே இறக்கினார்கள். படகு வாங்கியதிலிருந்து அதை இறக்கியது இதுதான் முதல் தடவை.

வியாழக்கிழமை காலையில் உள் அறைக்கு வார்னிஷ் அடிக்கத் தச்சர் படகில் ஏறினார். அறைக் கதவைச் சாத்தினார். மேல் மூலையில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விழுந்தது.

முதலில் வந்தது கோபம். தான் மாட்டிய கதவில் ஒரு காகிதம் நுழையாது என்று சொல்லிச் சொல்லியே வீட்டில் எல்லோருக்கும் காது புளிக்க வைத்தவர் அவர். யாரோ கதவை மாற்றிவிட்டார்கள் என்றுகூட நினைத்தார். ஆனால் கீல் அவர் மாட்டியது, பென்சில் குறி அவர் போட்டது.

உட்கார்ந்து யோசித்தார். ஒவ்வொரு வருஷமும் மச்சான் கம்பிகளை இறுக்கிச் சரிபார்த்து முடித்த கையோடு இந்தக் கதவு நிலையில் பிடிக்கும். ஈரத்தில் மரம் ஊதிவிட்டது என்று சொல்லி இவர் அந்த மூலையை இழைப்பார். இழைத்த கதவு சத்தமில்லாமல் சாத்தும், இவருக்கும் உச்சி குளிர்ந்துபோகும். வெயில் காலத்தில்கூட ஊதிய மரம் ஏன் வற்றவில்லை என்று ஒரு தடவையும் கேட்கத் தோன்றவில்லை. அடுத்தவர் வீட்டுக் கதவாக இருந்தால் கேட்டிருப்பார்.

இப்போது கம்பி இல்லை, கதவும் பிடிக்கவில்லை. அப்படியானால் ஊதியது மரமில்லை. கம்பியை இறுக்கும்போது படகின் முன்னும் பின்னும் மேலே இழுபடுகின்றன, பாய்மரம் நடுவைக் கீழே அழுத்துகிறது. படகே வளைந்திருக்கிறது. கதவின் நிலையும் அதோடு சேர்ந்து கோணியிருக்கிறது. ஃபைபர் வருஷத்துக்கு வருஷம் தளர்ந்துகொண்டே வந்திருக்கிறது. அதைச் சொல்லிக்கொண்டிருந்த ஒரே வாயை இவர் இழைப்புளியால் அடைத்துவிட்டிருக்கிறார்.

பையில் ஒரு மெல்லிய மரப்பட்டி இருந்தது. விளிம்பில் ஒட்டி வார்னிஷ் பூசினால் ஒருவருக்கும் தெரியாது. அதை எடுத்து அளவும் பார்த்துவிட்டார், அதை மறைப்பானேன். அந்தக் கதவுக்குப் பின்னால் நடுக்கடலில் மகள் படுத்திருப்பாள் என்ற நினைப்பு வந்ததும் பட்டியை உள்ளே போட்டுவிட்டு மச்சானுக்குப் போன் செய்தார். கம்பி என்று ஆரம்பித்ததுமே மறுமுனையில் குரல் மாறியது. தச்சர் அவசரமாக, தப்பு தன்மேல்தான் என்றார். மாப்பிள்ளை வாயிலிருந்து அப்படியொரு சொல் வந்தால் விஷயம் சாதாரணமில்லை என்று மச்சானுக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை பாய்மரத்தை நிறுத்தினார்கள். படகாவது வளைவதாவது என்றார் மச்சான். தச்சர் வாதாடவில்லை. படகின் முன்முனையிலிருந்து பின்முனைவரை ஒரு தூண்டில் நரம்பை விறைப்பாகக் கட்டினார். அது பாய்மரத்தை உரசிப்போகும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டார். மச்சான் கம்பித் திருகுகளை அரை அரைச் சுற்றாக இறுக்கிக்கொண்டு வந்தார். வழக்கமான இறுக்கம் வந்தபோது நரம்பு கோட்டுக்கு மேலே ஒரு கட்டைவிரல் அகலத்தில் நின்றது. அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். தளர்த்தினார், நரம்பு கோட்டுக்கே வந்தது. மறுபடி இறுக்கினார், மறுபடி மேலே போயிற்று. அவர் முகம் செத்துப்போயிற்று.

"காத்து வீசுற பக்கத்துக்கு எதிர்ப்பக்கக் கம்பி வருஷா வருஷம் தொளதொளன்னு ஆயிடும் மாப்பிள்ளை. நானும் இன்னும் ரெண்டு சுத்து இறுக்கிவிடுவேன். கம்பி தளர்ந்தா கம்பியைத் தொடாதீங்க, அது எதுல மாட்டியிருக்குன்னு பாருங்கன்னு வேலை இடத்துல நான்தான் தொண்டை கிழியக் கத்துறேன்."

"நான் கதவை இழைக்காம விட்டிருந்தா உங்க கண்ணுல பட்டிருக்கும், மச்சான்."

"பட்டிருந்தா மட்டும்? உங்க மரம், எனக்கென்னன்னு போயிருப்பேன்."

ஆறு வருஷமாகப் பெருமையைப் பங்கு போட்டுக்கொண்டவர்கள் இப்போது தப்பை ஆளுக்கு ஆள் தன் பக்கம் இழுத்தார்கள். படகு வீணாய்ப் போகவில்லை. உள்ளே குறுக்குச் சட்டங்கள் வைத்து, மேலே ஃபைபர் துணியை அடுக்கடுக்காக ஒட்டினால் பலப்படும். இரண்டு மாத வேலை, இரண்டு பேரும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை. அதுவரை கடல் கிடையாது. இதை மகளிடம் யார் சொல்வது என்பதில் மட்டும் இருவருமே பெருந்தன்மையாக மற்றவருக்கு வழிவிட்டார்கள்.

சாயங்காலம் மகள் இரண்டு பைகளோடு வந்தாள். கடைசியில் தச்சர்தான் சொன்னார், கதவிலிருந்து நரம்பு வரை, ஒன்றையும் பூசி மெழுகாமல். அவள் குனிந்து கோட்டையும் நரம்பையும் பார்த்தாள், இடையில் தன் கட்டைவிரலை வைத்துப் பார்த்தாள். கெட்ட செய்தியைக் கேட்டுப் பழகியவள், சத்தம் போடவில்லை. தோழிக்குப் போன் செய்து பயணம் தள்ளிப்போகிறது என்று மட்டும் சொன்னாள். பைகளைக் கீழே வைத்துவிட்டு மாமாவிடம் கேட்டாள்.

"இந்த ஆறு வருஷத்துல இந்தப் படகுல நான் எத்தனை தடவை போயிருப்பேன், மாமா?"

மச்சான் விரலை மடக்கத் தொடங்கினார்.

"நாப்பத்திமூணு" என்றார் தச்சர்.

அவள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"நேத்துக் காலையிலேருந்து அதைத்தாம்மா எண்ணிக்கிட்டு இருக்கேன். அதுல ஒம்பது தடவை, காத்து நல்லா இருக்கு, தைரியமா போயிட்டு வான்னு நான்தான் உன்னைத் தனியா அனுப்பினேன்."