ஜெல்கோட் காயும்வரை

ரெஜினா அன்றைக்கு, பூச்சை இறுக வைக்கும் ஹார்ட்னர் பாட்டிலைத் தன் காலடியிலேயே வைத்துக்கொண்டாள். இந்த வாரம் அவள் செய்த ஃபைபர் படகு மூடிகள் இரண்டுமே, அச்சிலிருந்து எடுத்தபோது முகமெல்லாம் ஆறின பாலின் ஆடை மாதிரி சுருங்கியிருந்தன. இந்தக் கடப்பாக்கம் பட்டறையில் இதுவரை அவளுக்கு இப்படி ஆனதே இல்லை. ஹார்ட்னர் குறைந்தால் மேல்பூச்சான ஜெல்கோட் சுருங்கும். அவள் குறைக்கவில்லை. அப்படியானால் கலந்து வைத்த கிண்ணத்தில் யாரோ கை வைக்கிறார்கள்.

யாரோ என்ன யாரோ! பட்டறையில் இருக்கும் இன்னொருத்தி சிநேகாதான். கருங்குழியிலிருந்து பஸ் ஏறி வருபவள். வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் அக்கா அக்கா என்று என்ன குழைவு! அந்தக் குழைவுதான் ரெஜினாவுக்குச் சரியாகப் படவில்லை. “இன்னொரு மூடி கெட்டுச்சுன்னா உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர்தான் இங்க இருக்க முடியும்” என்று முதலாளி சுபஹான் பாய் சொல்லிவிட்டார்.

“நா கை வெச்சு எதுனா கெட்டுகீதா பாய்? புதுசா வந்தவள கேளுங்க” என்று ரெஜினா அப்போதே சொல்லியிருந்தாள்.

அச்சுக்குள் நீல ஜெல்கோட்டைப் பிரஷ்ஷால் மூலை முடுக்கெல்லாம் பூசி முடித்து, ஓரத்தில் விரல் வைத்துப் பார்த்தாள். விரலில் நீலம் ஒட்டியது. வழக்கமாக இந்நேரம் அதன்மேல் ஃபைபர் இழை விரிப்பான மேட்டைப் போட்டு, ரெசின் பசையைத் தடவிவிட்டுச் சாப்பிடப் போயிருப்பாள்.

“சாப்ட வர்லியாக்கா?”

“நீ போ. நா பாத்துகினு கீறேன்.”

பசி வயிற்றைக் கிள்ளியது. சிநேகா தண்ணீர் குடிக்க எழுந்தால்கூட ரெஜினாவின் கண் கூடவே போனது. மறுபடி விரல் வைத்தபோது ஒட்டவில்லை. பிறகுதான் மேட்டைப் போட்டாள்.

சாயங்காலம் மூடி ஒரு சுருக்கமில்லாமல் பளபளவென்று வந்தது. பாய் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, “நீ காவல் இருந்தா ஒழுங்கா வருதே” என்றார். சிநேகா பக்கம் திரும்பினார். “நாளைலேர்ந்து வர வேணாம்மா.”

ஜெயித்த சந்தோஷம் ரெஜினாவுக்குக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. ஒட்டும்போதே மேட்டைப் போட்டால் ரெசின் ஜெல்கோட்டைத் தின்றுவிடும், அப்போதும் இப்படித்தான் சுருங்கும். அவளுக்குத் தெரியாததா? இத்தனை நாள் அவள் அவசரத்தை வெயில் சீக்கிரம் காயவைத்து ஈடுகட்டியிருந்தது. இந்த வாரம் முழுக்க மழை மூட்டம். கிண்ணத்தில் யாரும் கை வைக்கவே இல்லை.

சிநேகா அழவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள்.

“நேத்து பூச்சு ஒட்டிகினு இருக்கசொல்லவே மேட்ட போட்டியேக்கா. இன்னிக்கு மட்டும் ஏன் காத்துகினு இருந்த?”

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்த பாய், “இன்னா?” என்று திரும்பினார்.

ரெஜினா வாயைத் திறந்தாள். அடுத்த அச்சுக்கு எடுத்திருந்த பிரஷ்ஷிலிருந்து நீலம் சொட்டுச் சொட்டாக அவள் பாதத்தில் விழுந்துகொண்டிருந்தது.