பழக்கடை மேடம்

சிஸ்டர் பையின் வாயைக் கொஞ்சமாகத் திறந்து மூக்கருகே கொண்டுபோனார். போன வேகத்திலேயே மூடி என் கையில் திணித்துவிட்டார்.

"என்ன சார் இது?"

"நீங்க கேட்ட துணிதான் சிஸ்டர். அவளோட ஷால்."

"இது சென்ட் சார். நான் கேட்டது அம்மா வாசனை."

"அவ வாசனை இதுதான்" என்றேன். பொய் சொல்லவில்லை. அந்த நிமிடம் வரைக்கும் நான் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். ஷாலில் வாசனை குறைந்துபோயிருக்குமோ என்று பயந்து, கிளம்பும்போது அவளுடைய சென்ட் பாட்டிலை எடுத்து இரண்டு தடவை அடித்துவிட்டு வேறு வந்திருந்தேன்.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் என் மகள் இன்குபேட்டர் பெட்டிக்குள் படுத்திருந்தாள். எட்டாம் மாதத்திலேயே அவசரப்பட்டு வந்துவிட்டவள். அவளுக்கு ஒரே ஒரு பிரச்சினை, அடிக்கடி மூச்சுவிட மறந்துவிடுவாள். தூங்கிக்கொண்டே இருப்பாள், திடீரென்று நெஞ்சு ஏறி இறங்காது, மெஷின் அலறும். யாராவது ஓடிவந்து பாதத்தைச் சுண்டினால் 'சரி, விடுகிறேன்' என்பது போல மறுபடி விடுவாள். அந்த வார்டில் ஒரு வழக்கம் உண்டு. தாய்மார்கள் கைக்குட்டை அளவு துணியை உடம்போடு வைத்திருந்து கொண்டுவந்து தருவார்கள். அதைப் பிள்ளையின் கன்னத்தடியில் வைப்பார்கள். அம்மா வாசனை பக்கத்தில் இருந்தால் மூச்சு ஒழுங்குக்கு வரும், பால் குடிக்கவும் சீக்கிரம் பழகும் என்று சிஸ்டர் சொன்னார். மற்ற பிள்ளைகளுக்கெல்லாம் துணி வந்துகொண்டிருந்தது. என் மகளின் அம்மா இரண்டு மாடி மேலே, தீவிர சிகிச்சைப் பிரிவில், பிரசவத்தில் நிற்காமல் போன ரத்தத்தோடு போராடிக் கண் திறக்காமல் கிடந்தாள்.

"இதுங்க நுரையீரல் நனைஞ்ச டிஷ்யூ பேப்பர் மாதிரி சார். சென்ட் ஒரு சொட்டு கூட ஆகாது. துவைக்காத நைட்டி, தலையணை உறை, ஏதாவது கொண்டாங்க. சென்ட் படாததா இருக்கணும்."

சென்ட் படாதது. சொல்வது சிஸ்டருக்குச் சுலபம்.

என் மனைவி டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். அவள் வருவதற்கு முன்னாலேயே அவள் வாசனை வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடும். ஸ்ட்ராபெரி, அன்னாசி, அதற்கடியில் நாளைக்கு அழுகப்போகிற கொய்யா. சிவப்பு பாட்டில், மூடியில் ஒரு பெரிய பிளாஸ்டிக் செர்ரி. பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஆசைப்பட்டு வாங்குகிற சரக்கு. கழுத்தில், மணிக்கட்டில், காதுக்குப் பின்னால் என்று அடித்துக்கொண்டு, கடைசியாகக் காற்றில் ஒரு தடவை அடித்து அதற்குள் நுழைந்து நடந்துபோவாள். கற்றுக்கொள்ள வந்தவர்கள் அவளுக்கு வைத்த பெயர் பழக்கடை மேடம். அவளுக்கும் தெரியும். "வெறும் மேடம்னா நூறு பேர் இருக்காங்க" என்பாள். நானும் அந்தக் காரில் கண்ணாடியை இறக்கிவிட்டு கியர் மாற்றக் கற்றுக்கொண்டவன்தான். இரண்டு தடவை டெஸ்டில் கோட்டைவிட்டேன். "வேணும்னுதானே கோட்டை விட்ட?" என்று கல்யாணத்துக்குப் பிறகும் கேட்பாள். பாதி வேண்டுமென்றுதான்.

ஒருமுறை, இன்னும் கொஞ்சம் அடக்கமாக ஒன்று வாங்கித் தரட்டுமா என்று கேட்டுப் பார்த்தேன்.

"மெல்லிசா போட்டுக்கறதுக்குப் போடாமலே இருக்கலாமே" என்றாள். "நான் நாலாவது பொண்ணு. எங்க வீட்ல எல்லாரும் சாப்பிட உக்காந்தப்புறம்தான் ஒரு தட்டு குறையுதுன்னே தெரியும். நான் வந்துட்டேன்னு நாலு பேருக்குத் தெரிஞ்சா என்ன குறைஞ்சுபோச்சு? அப்புறம், வண்டி கத்துக்க வர்றவங்க பயத்துல வேர்த்துக் கொட்டுவாங்க. இந்த வாசனை வந்ததும் சிரிச்சிருவாங்க. சிரிச்சுட்டா கிளட்ச் தானா வந்துரும்."

அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை. கர்ப்பமானபோது அவளுக்கு எல்லா வாசனையும் ஆகாமல் போயிற்று. வெங்காயம், பெட்ரோல், என் சட்டை, ஏன், குழாய்த் தண்ணீர்கூட. இது ஒன்றைத் தவிர. வாந்தி எடுத்துவிட்டு வந்து மணிக்கட்டை மூக்கில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருப்பாள்.

எனக்கோ மூக்குதான் சோறு போடுகிறது. நான் ஃபிரிட்ஜ் மெக்கானிக். கதவைத் திறந்த மாத்திரத்தில் கேஸ் கசிகிறதா, கம்ப்ரஸர் கருகியிருக்கிறதா, போன வாரத்து மீனை அந்த வீட்டு அம்மா மறந்துவிட்டாரா என்று சொல்லிவிடுவேன். ஊரார் வீட்டு வாசனை எல்லாம் அத்துப்படி. என் வீட்டில் பழம் மட்டும்தான்.

ஷாலைப் பையோடு தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். மாடிப்படியிலேயே சோப்பு மணம். கதவைத் திறந்தால், கூடத்தில் குறுக்கும் நெடுக்குமாகக் கொடி கட்டி என் மனைவியின் அத்தனை துணியும் காய்ந்துகொண்டிருந்தது. நைட்டிகள், உள்பாவாடைகள், ஜன்னல் திரை, தலையணை உறைகள். உதவிக்கென்று பஸ் ஏறி வந்திருந்த என் அக்கா நடுவில் நின்று ஈரப் பெட்ஷீட்டை உதறிக்கொண்டிருந்தாள்.

"துவைக்காதது ஏதாவது இருக்கா அக்கா? அவளோடது?"

"ஒண்ணு பாக்கி இல்லடா" என்றாள் அக்கா பெருமையாக. "பச்சப்புள்ள வரப்போற வீடு. இவ சென்ட் வாசனை சுவத்துலகூட ஏறிக் கெடந்துது. அதான் அள்ளிப்போட்டு வெந்நீர்ல அலசிட்டேன்."

விஷயத்தைச் சொன்னேன். அக்கா பெட்ஷீட்டைக் கீழே விட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். எனக்கு ஆத்திரமான ஆத்திரம். உன்னை யார் துவைக்கச் சொன்னது என்று கத்த வேண்டும்போல இருந்தது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக் கத்துவதற்கு மனசு வரவில்லை. பிறகு இரண்டு பேரும் தேட ஆரம்பித்தோம். வயதான இரண்டு நாய்களைப் போல வீடு முழுக்க மோந்துகொண்டு அலைந்தோம். சீப்பில் பழம். ஹெல்மெட்டுக்குள் பழம். கைக்கடிகாரப் பட்டையில் பழம். வீட்டுச் செருப்பில் ரப்பரைத் தவிர ஒன்றுமில்லை. உறையில்லாத தலையணையில் அக்கா முகத்தை அழுத்தி வெகு நேரம் வைத்திருந்தாள். கல்யாண மேடையிலேயே இந்த வாசனைக்குத் தும்மல் போட்டு மணப்பெண்ணை முறைக்க வைத்தவள் அவள். நிமிர்ந்தபோது தும்மவில்லை, கண்தான் சிவந்திருந்தது.

"இதுலயும் அதான்டா" என்றாள். "கைய வெட்டிப் போட்டுக்கலாம் போல இருக்கு."

"விடு அக்கா. நீ துவைக்காம இருந்தாலும் இதான் வந்திருக்கும்."

ஆறுதலுக்காகச் சொன்னதுதான், ஆனால் சொன்ன பிறகு உண்மை என்று உறைத்தது. அந்த பாட்டிலுக்கு அடியில் அவளுக்கென்று ஒரு வாசனை இருந்திருக்க வேண்டும். அதோடு ஒரே கட்டிலில் படுத்து எழுந்திருக்கிறேன். எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால் சொல்லத் தெரியாது.

வெறுங்கையோடு திரும்பி வந்ததைப் பார்த்ததும் சிஸ்டர் மேசைக்குப் போனார். மேல் மாடிக்கு போன் போட்டார். டாக்டரிடம் கேட்டார். கிருமித் தொற்று எதுவும் இல்லை, ரத்தப்போக்குதான், செய்யலாம் என்று பதில் வந்தது. சிஸ்டர் மெல்லிய ஃபிளானல் துணி ஒன்றைக் கொடுத்தார்.

"நேரா அவங்ககிட்டயே வாங்கிக்குவோம். நெஞ்சு மேல வச்சிருங்க. இப்ப உடம்பு துடைக்கற நேரம், இன்னிக்கு மட்டும் வேண்டாம்னு சொல்லிருங்க. துடைச்சா எல்லாம் போயிரும்." கொஞ்சம் தயங்கிவிட்டு, "சீக்கிரம் போங்க சார்" என்றார். அந்தச் சீக்கிரத்துக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. காலையில்தான் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, சிறுநீரகம் நின்றுவிட்டது, மனசைத் தயார் செய்துகொள்ளுங்கள் என்று சொல்லியிருந்தார். மனசைத் தயார் செய்வதாம். அது என்ன இஸ்திரி போடுகிற வேலையா?

மேலே உடம்பு துடைக்க வாளியும் துணியுமாக ஒரு பெண் அவள் கட்டிலை நெருங்கிக்கொண்டிருந்தாள். ஓடிப்போய்க் குறுக்கே நின்றேன். விஷயத்தைக் கேட்டதும் அந்தப் பெண் வாளியைத் தள்ளி வைத்துவிட்டு, தானே கவுனின் முடிச்சை அவிழ்த்து, துணியை இரண்டு மார்புக்கும் நடுவில், கழுத்துக் குழியைத் தொடுகிற மாதிரி வைத்து மூடினாள். என்னைப் பார்த்து, "கொஞ்ச நேரம் இருந்துக்கோங்க அண்ணா" என்று திரையை இழுத்துவிட்டுப் போனாள்.

நான் குனிந்து அவள் கழுத்தில் மூக்கை வைத்தேன். முதலில் ஸ்பிரிட், பிளாஸ்டர், பிளாஸ்டிக் குழாய். அதையெல்லாம் தாண்டி, காதுக்குக் கீழே, தலைமுடி தொடங்குகிற இடத்தில் ஒரு வாசனை. பென்சில் சீவினால் வருமே, அதில் கொஞ்சம் உப்பு கலந்தது போல. பழம் இல்லை, இனிப்பு இல்லை. சத்தமே போடாத வாசனை. யாரிது என்று நினைத்தேன். நிஜமாகவே ஒரு நொடி கட்டில் மாறி வந்துவிட்டேனோ என்று தலையை நிமிர்த்தி முகத்தைப் பார்த்தேன். அவள்தான். புருவத்து மேல் அந்தச் சின்னத் தழும்பு, மூக்கின் சின்ன வளைவு, எல்லாம் அவள்தான்.

எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. சாகக் கிடப்பவள்மேல் கோபப்படுகிறவன் என்ன மனிதன் என்று தோன்றினாலும் வந்தது. இவ்வளவு நாள் இதை எங்கேடி வைத்திருந்தாய்? நாலாவது பெண், யாரும் கவனிக்காத பெண், இதுதானா? இதை மூடி மறைக்கத்தானா அவ்வளவு பழமும்?

"நல்லாத்தான்டி இருக்கு உன் வாசனை" என்றேன் அவள் காதில். "ரொம்ப நல்லாருக்கு. நான் கவனிச்சிருப்பேன்டி." கவனித்திருப்பேனா என்று எனக்கே நிச்சயமில்லை. அழுதேன். கண்ணீர் அந்தத் துணியில் விழுந்துவிடக் கூடாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன்.

மறுநாள் மதியம், நான் கீழே மகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, மேலே வரச்சொல்லி ஆள் வந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது திரையை முழுக்க இழுத்துவிட்டிருந்தார்கள். அவள் முகத்திலிருந்த குழாய்களை எடுத்துவிட்டதால் முகம் சின்னதாகிவிட்டிருந்தது. நான் தொட்டுக்கொண்டு நின்றிருந்தேன், எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு வாளிக்காரப் பெண் மூடிய பிளாஸ்டிக் பையை என் கையில் வைத்து, என் விரல்களை அதன்மேல் மடக்கிவிட்டாள். உள்ளே மடித்த ஃபிளானல் துணி.

இரண்டு மாடிக்கும் நடுவில் படியில் உட்கார்ந்துவிட்டேன். சிவப்பு பாட்டில் எந்தக் கடையிலும் கிடைக்கும். செர்ரி மூடியோடு, புத்தம் புதிதாக, நாளைக்கே போய் வாங்கலாம், வீடு முழுக்க அடித்துக்கொள்ளலாம். இது இந்தப் பைக்குள் இருப்பது மட்டும்தான். இதைப் பிள்ளை கன்னத்தடியில் வைத்தால் எச்சில் படும், பால் படும், ஓரிரு நாளில் ஒன்றும் மிஞ்சாது. எனக்கு வேண்டும் என்று தோன்றியது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பிள்ளைக்குக் கொடுக்காமல் நானே வைத்துக்கொள்ள வேண்டும் என்றுதான் தோன்றியது. பையின் வாயைத் திறந்து ஒரு தடவை மோந்தேன். உடனே மூடினேன். மறுபடி திறந்தேன்.

அக்கா என்னைத் தேடிக்கொண்டு படியேறி வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து என் தலையை அவள் தோளில் சாய்த்துக்கொண்டாள். கையிலிருந்த பையைப் பார்த்தாள்.

"ஒரு ஓரமா கத்தரிச்சு நீ வச்சுக்கடா. புள்ளைக்கு மிச்சம் போதும்."

"போதுமா அக்கா?"

கீழேயிருந்து மெஷின் அலறுகிற சத்தம் கேட்டது. என் மகளுடையதா, வேறு பிள்ளையுடையதா என்று தெரியவில்லை. எழுந்து ஓடினேன்.

மகளுடையதுதான். நான் போவதற்குள் பாதத்தைச் சுண்டி மூச்சை மீட்டிருந்தார்கள். சிஸ்டர் என்னைப் பார்த்தார். செய்தி அவருக்கு வந்துவிட்டிருந்தது. முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னார். கழுவினேன். பையை நீட்டினேன். முழுத் துணியையும்.

சிஸ்டர் பெட்டியின் வட்டக் கதவு வழியாகக் கையை விட்டு, துணியை விரித்து, மகளின் தலையை இரண்டு விரலால் தூக்கி அதன்மேல் வைத்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அவள் நெற்றி சுருங்கியது. மூக்கு விடைத்தது. எனக்குப் புரிய அவ்வளவு நேரம் பிடித்த வாசனையை அவள் யாரென்று கேட்கவில்லை. அவளுக்குத் தெரிந்திருந்தது. முகத்தைத் துணிக்குள் புதைத்துக்கொண்டாள், குட்டி வாய் திறந்தது.

"தேடுது சார்!" சிஸ்டர் என் கையைப் பிடித்துவிட்டார். "பாருங்க, வாயத் திறந்து தேடுது! இத்தனை நாளா இது வரவே இல்ல. தேட ஆரம்பிச்சிட்டா போதும் சார், பால் குடிக்க..."

யாரிடம் சொல்கிறோம் என்று அப்போதுதான் அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். பாதியில் நிறுத்திக்கொண்டு கையை எடுத்துக்கொண்டார்.

மகள் நிறுத்தவில்லை. கண்ணைத் திறக்காமலே துணியில் மூக்கைத் தேய்த்து, வாயை அகலமாகத் திறந்து இந்தப் பக்கம் திரும்பினாள். கிடைக்கவில்லை. அந்தப் பக்கம் திரும்பினாள்.