பத்துக்கு மூன்று

காத்தான்குடியில் நௌஷாட்டுக்குக் கைபேசி திருத்தும் கடை ஒன்று இருந்தது. ஆனால் நாலாயிரம் பேர் அவனை அறிந்திருந்தது வேறொன்றுக்காக. தொண்ணூறுகளில் தொலைக்காட்சிப் பெட்டியில் கசற் செருகி ஆடிய பழைய கேம்களைத் தேடிப் பிடித்து, மறுபடி ஆடிப் பார்த்து, யூடியூபில் விமர்சனம் செய்வான். கடைசியில் பத்துக்கு இத்தனை என்று புள்ளி போடுவான்.

பார்க்கிறவர்களில் பாதிப்பேர் கட்டாரிலும் சவூதியிலும் வேலை செய்கிற நம்மூர் ஆட்கள். தாங்கள் ஆடியதை யாராவது புகழ்ந்தால் கேட்டுக்கொண்டிருக்கலாம் என்று வருவார்கள். நௌஷாட் புகழமாட்டான். "அப்ப நமக்குப் பன்னிரண்டு வயசு. எதத் தந்தாலும் நல்லாத்தான் இருந்திருக்கும்" என்பான். கொமென்டில் சண்டை நடக்கும். அவன் போட்ட புள்ளியை மாற்றியதில்லை.

ஒரு கேமை மட்டும் நாலு வருடமாகத் தொடாமல் வைத்திருந்தான். வெள்ளம் சூழ்ந்த தீவுகளில் கூரைமேல் நிற்கிறவர்களை ஹெலிகொப்டரில் ஏற்றிக்கொண்டு வர வேண்டும். டியூசன் முடிந்ததும் அமிர்தகழியில் கூட்டாளி வினோஜன் வீட்டில் இருவருமாக ஆடியது. யுத்தம் நடந்த அந்த நாட்களில் வாவிக்கு மேலே நிஜ ஹெலி வந்தால் எல்லோரும் வீட்டுக்குள் ஓடுவார்கள். அதனால் வினோஜனின் அம்மா, வெளியே வரும் சத்தம் கேட்க வேண்டும், டிவியைக் குறை என்று அடுக்களையிலிருந்தே சொல்லிக்கொண்டிருப்பார். ஆட்களைக் காப்பாற்றுகிற ஹெலியை அவர்கள் அந்தப் பெட்டிக்குள்தான் பார்த்தார்கள்.

மறுபடி ஆடினால் அதுவும் கெட்டுப்போகுமோ என்று நௌஷாட்டுக்குப் பயம். கடைசியில் மாசி மாதம் ஒருநாள் துணிந்து ஆடினான். கெட்டுத்தான் போயிருந்தது. ஓரங்களிலிருந்து பறவைக்கூட்டம் திடீரென்று வந்து மோதியது. தப்ப வழியே இல்லை. "ஆடுறவன ஏமாத்துற வேலை. செஞ்சவனுகள் சோம்பேறிகள்" என்று வீடியோவில் சொல்லி, பத்துக்கு மூன்று போட்டான்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து அவன் வீட்டுக்கு வந்தபோது வினோஜன் முன்னறையில் உட்கார்ந்திருந்தான். பள்ளிக்கூட ஆசிரியன். அவ்வளவு தூரம் சும்மா வருகிறவன் அல்ல.

"மச்சான், ஹெலிக்கு மூண்டு போட்டிருக்காய்."

"அதுக்கு அவ்வளவுதான்."

"பறவை சொல்லாமக் கொள்ளாம வருது எண்டாய். வர முந்தி ஓரத்தில சிவப்பு விளக்கு மூண்டு தரம் மின்னுது. உன்ர வீடியோவிலயே தெரியுது."

"எந்த விளக்கு?"

வினோஜன் கேமைப் போட்டான். நௌஷாட் தன் நாற்காலியில் உட்கார்ந்தான். சில மாதங்களாக அந்த நாற்காலி டிவிக்கு மிக அருகில் நகர்ந்திருந்தது. வினோஜன் திரையின் வலது மூலையில் விரலை வைத்தான்.

"இஞ்ச. இப்ப மின்னுது. தெரியல்லயா?"

நௌஷாட் முகத்தைத் திருப்பி விரலை நேராகப் பார்த்தான். சிவப்பு விளக்கு இருந்தது. ஹெலிகொப்டரைப் பார்த்தான். விளக்கும் விரலும் வினோஜனின் கையும் சேர்ந்து மறைந்தன.

"இது முந்தியும் இருந்ததா?"

"நீதானடா எனக்கு இதக் காட்டித் தந்தது."

வினோஜன் வந்த காரணத்தை அதன் பிறகுதான் சொன்னான். கடைசி ஒரு வருடத்து வீடியோக்களை எல்லாம் பார்த்திருக்கிறான். பதினான்கு கேம்கள். பதினான்கிலும் நௌஷாட் ஒரே குறையைத்தான் சொல்லியிருந்தான். ஓரத்திலிருந்து திடீரென்று வருகிறது. முன்னறிவிப்பு இல்லை.

"எல்லாக் கேமும் ஒரே பிழை விடுமா மச்சான்? ஒருக்காக் கண்ணக் காட்டு."

மட்டக்களப்பில் கண் மருத்துவர் ஒரு கருவிக்கு முன் அவனை உட்காரவைத்து, முகவாயைத் தாங்கியில் வைக்கச் சொல்லி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார். நடுப்புள்ளியைப் பார்த்துக்கொண்டே, வெளிச்சம் தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். நௌஷாட் வாழ்நாளெல்லாம் செய்த வேலை. ஒன்றையும் தவறவிடவில்லை என்ற நம்பிக்கையோடு எழுந்தான். அச்சிட்டு வந்த தாள் முழுக்கக் கறுப்பாக இருந்தது. நடுவில் மட்டும் சிறிய வெள்ளை வட்டம்.

"ஓரத்தில இருந்து உள்ளுக்கு வாற நோய்" என்றார் மருத்துவர். "மெதுவாத்தான் வரும். இந்த வகைக்கு இப்போதைக்கு மருந்து இல்ல. மோட்டார்சைக்கிள் இண்டையோட விட்டுருங்க."

வீட்டுக்கு பஸ்ஸில் வந்தார்கள். அவன் மனைவி பர்ஸானா சீலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். நௌஷாட் பதினான்கு கேம்களின் பெயர்களையும் மனதுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டிருந்தான்.

அன்றிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் வினோஜன் வந்தான். ஜொய்ஸ்டிக்கை அவன் பிடித்தான். நௌஷாட் நாற்காலியைச் சுவரோரமாகப் பின்னுக்கு இழுத்துப் போட்டு, திரையைத் துண்டு துண்டாகப் பார்த்தான். சில கேம்கள் உண்மையிலேயே மோசம்தான். அவற்றின் புள்ளியை அப்படியே விட்டான். ஒன்பது கேம்களுக்கு அநியாயம் செய்திருந்தான். ஹெலிக்கு ஏழு கொடுத்தான். அந்த வீடியோவில் கெமராவைப் பார்த்து, "பிழை கேம்ல இல்ல, என்ர கண்ணில. செஞ்சவங்களச் சோம்பேறி எண்டு சொன்னதுக்கு மன்னிப்புக் கேக்கன்" என்றான். கொமென்டுகளை பர்ஸானா வாசித்துக் காட்டினாள். பலர் துஆச் செய்வதாக எழுதியிருந்தார்கள். நோய்க்கு இரங்கிப் புள்ளியைக் கூட்டிவிட்டதாக ஒருவர் எழுதியிருந்ததுதான் அவனுக்கு வலித்தது.

"இதெல்லாம் விளையாட்டுச் சாமான்தானே" என்றாள் பர்ஸானா. "இதுக்கு ஏன் இவ்வளவு பாடு படுறீங்க?"

"பாத்துச் சொல்றன் எண்டு சொன்னவன் நான். பாக்காமச் சொல்லிட்டன்."

பதினான்காவது முடிந்த மறுநாள் அவன் கடைக்குப் போகவில்லை. பின்னேரம் பர்ஸானா தேத்தண்ணி கொண்டுவந்தபோது, சுவரைப் பார்த்தபடி கேட்டான்.

"போன நோன்புக்கு முந்தி, கல்லடியில சைக்கிள்ல வந்த மனிசன ஞாபகம் இருக்கா?"

அவளுக்கு ஞாபகம் இருந்தது. மோட்டார்சைக்கிளில் அவனுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவள் அவள். வண்டி தட்டி அந்த மனிதர் சைக்கிளோடு சாய்ந்து விழுந்தார், கையில் சிராய்ப்பு, பையிலிருந்த மீன் மண்ணில் சிதறியது. எங்க இருந்து வந்து பாயுறாய், கண் இல்லையா என்று நௌஷாட் நடுத்தெருவில் வைத்துக் கத்தினான். அவர் குனிந்து மீனைப் பொறுக்கினார்.

"அவர் திடீரெண்டு வரல்ல" என்றான் நௌஷாட்.

பர்ஸானா தேத்தண்ணியை ஸ்டூலில் வைத்துவிட்டு அவனருகில் உட்கார்ந்தாள்.

"நானும் அவர்ர பிழை எண்டுதான் நினச்சன்" என்றாள்.

அவரைப் போய்த் தேடலாமா என்று கேட்டான். பெயர் தெரியாது, ஊர் தெரியாது, முகமும் சரியாக நினைவில்லை என்று அவள் சொன்னாள். நௌஷாட் தலையாட்டினான். பிறகு, அவருடைய சட்டை என்ன நிறம் என்று கேட்டான். அதுவும் அவளுக்குத் தெரியவில்லை.