செல்ஃப் எடுக்காத படகு

டிக்சன் சாவியைத் திருப்பினார். எஞ்சினுக்குள் ‘டக்’கென்று ஒரே ஒரு சத்தம். படகின் முகப்பு விளக்கு செத்த மாதிரி மங்கி, சாவியை விட்டதும் மறுபடி பளிச்சென்று எரிந்தது. அரிவாளும் வலையுமாகக் கரையில் நின்ற பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“இன்னைக்கும் செல்ஃப் எடுக்கலையாண்ணே?” என்று கேட்டாள் பாண்டிச்செல்வி.

“எடுக்கல தாயி.”

ஏரியில் மண்டும் பாசியை அறுத்து வாரிக் கரை சேர்ப்பது அந்தப் பெண்களின் சோலி. அதற்கு இருப்பது இந்தப் பழைய டீசல் படகு ஒன்றுதான். படகு கிளம்பினால்தான் கூலி. கவுஞ்சியிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வெள்ளனே வந்துவிடும் பாண்டிச்செல்வியும் அன்னக்கொடியும் இந்த வாரம் முழுக்க வந்து நின்று, வெறுங்கையோடு திரும்பியிருந்தார்கள். பெருமழையில் தோட்டத்தில் போட்டிருந்த பூண்டு அழுகிப்போனதிலிருந்து பாண்டிச்செல்வி வீட்டில் இந்தக் கூலியில்தான் உலை கொதித்தது.

பாசி எடுக்கும் ஒப்பந்தக்காரரின் சூப்பர்வைசர் ராஜேஷ்குமார் பைக்கை நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றாமலே வந்தார்.

“டிக்சன், இது மூணாவது பேட்டரி. லைட்ட அணைக்காமப் போயிர வேண்டியது, அப்புறம் செல்ஃப் எடுக்கலன்னு சொல்ல வேண்டியது.”

“அணைச்சிட்டுத்தான் சார் போறேன்.”

“முதலாளி மதுரையில பேசிட்டாரு. நாளைக்கு அங்க இருந்து படகும் வருது, ஆளும் வருது. இன்னைக்கு மத்தியானத்துக்குள்ள இது ஓடுச்சுன்னா நான் சொல்லிப் பாக்கிறேன். இல்லேன்னா நாளையில இருந்து யாரும் வர வேணாம்.” கடைசி வார்த்தையைப் பெண்களைப் பார்த்துச் சொன்னார்.

பைக் போய்விட்டது. டிக்சன் படகு ஓட்டுபவர், மெக்கானிக் இல்லை. ஆனாலும் ஸ்பேனரை எடுத்தார். பேட்டரி டெர்மினல்களைக் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கிரீஸ் தடவி இறுக்கினார். சாவியைத் திருப்பினால் அதே ‘டக்’.

ஏரிச்சாலையில் சவாரிக்குக் காத்திருந்த ஜீப் டிரைவர் முருகவேல் எட்டிப் பார்த்தான். “பேட்டரியத் தூக்கிட்டு வாங்கண்ணே. என் வண்டியில மாட்டிப் பாத்திருவோம்.”

மாட்டினார்கள். ஜீப் ஒரு திருப்பலில் உறுமிக் கிளம்பியது.

“பேட்டரி கல்லு மாதிரி இருக்கு. அதுமேல பழி போடாதீங்க,” என்றான் முருகவேல்.

“அப்ப செல்ஃப் மோட்டார்தான் போச்சு.” டிக்சனின் குரல் இறங்கிவிட்டது. “அதக் கழட்டி திண்டுக்கல்லுக்குக் கொண்டு போகணும். மத்தியானத்துக்குள்ள ஆகிற காரியமா?”

பேட்டரியைத் திரும்பப் படகில் வைத்தார்கள். பாண்டிச்செல்வி மனம் கேட்காமல் படகில் ஏறினாள். எஞ்சின் குழிக்குள் செல்போன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். “இன்னொரு தடவ திருப்புங்கண்ணே. பொகை கிகை வருதான்னு பாக்கிறேன்.”

டிக்சன் நாலைந்து தடவை விடாமல் திருப்பினார். படகு ஆடியது. விழாமலிருக்கக் கைக்கு அகப்பட்ட கேபிளைப் பிடித்தவள், “ஆத்தே!” என்று கையை உதறினாள்.

“என்ன தாயி, ஷாக்கடிச்சிருச்சா?”

“ஷாக் இல்லண்ணே, சுடுது. இந்தக் கேபிள் சுடுது.”

“அது ரேஸ் கேபிள் தாயி. எஞ்சின் வேகத்தக் கூட்டிக் கொறைக்கிறது. அதுல எப்படிக் கரண்டு?” சொல்லிக்கொண்டே தொட்டுப் பார்த்தார். சுட்டது. அப்படியே பலகையில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கேபிளையும் பேட்டரியையும் மாறி மாறிப் பார்த்தார்.

“பேட்டரியில இருந்து போற கரண்டு எஞ்சின் வழியாத் திரும்பி வரணும். வர்றதுக்கு ஒரு எர்த் கம்பி இருக்கு. அது அடைச்சுக் கெடக்கு போல. அதான் இதுல பூந்து வருது.”

“வாய்க்கா அடைச்சா தண்ணி வரப்ப ஒடைச்சுக்கிட்டு வருமே, அது மாதிரியா?”

“அதேதான்.”

அடிப்பலகைகளைப் பெயர்த்தார்கள். தேங்கிய தண்ணீருக்குள் கறுப்புக் கம்பி ஒன்று எஞ்சின் வரைக்கும் போயிருந்தது. மேலுக்குப் புதுசு மாதிரித்தான் இருந்தது. டிக்சன் அதைத் தடவிக்கொண்டே போய் ஓரிடத்தில் மடக்கினார். உள்ளே மணல் நெரிபடுவதுபோல் சத்தம் கேட்டது. பாண்டிச்செல்வி அரிவாள் முனையால் ரப்பரைக் கீறினாள். பச்சைக் களிம்பு பொடியாக உதிர்ந்தது. நல்ல செம்பென்று நாலு நூலிழைதான் மிச்சம்.

“இதுக்குத்தான் மூணு பேட்டரியா?” என்றாள் கரையிலிருந்து அன்னக்கொடி.

முருகவேல் சவாரி வந்தும் போகவில்லை. மூஞ்சிக்கல் பக்கம் தெரிந்த பட்டறைக்குப் போய், லாரியிலிருந்து கழற்றிய தடித்த கம்பி ஒன்றை வாங்கி வந்தான். டிக்சன் எஞ்சினில் துருவைச் சுரண்டி, கம்பியை போல்ட் போட்டு இறுக்கினார். சாவியிலிருந்து விலகிக்கொண்டு, “நீ திருப்பு தாயி,” என்றார்.

பாண்டிச்செல்வி சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு திருப்பினாள். எஞ்சின் ஒரு குலுக்குக் குலுக்கிக் கரும்புகை கக்கியது. பிறகு தடதடவென்று பிடித்துக்கொண்டது. அன்னக்கொடி கரையிலேயே குலவையிட்டாள். சைக்கிளில் போன டூரிஸ்டுகள் திரும்பிப் பார்த்தார்கள். அணைத்துவிட்டு டிக்சன் மறுபடி திருப்பிப் பார்த்தார், திரும்பவும் எடுத்தது. ரேஸ் கேபிள் பச்சைத் தண்ணீராய்க் குளிர்ந்திருந்தது.

ராஜேஷ்குமார் வந்து எஞ்சின் சத்தத்தைக் கேட்டார். தள்ளிப்போய் போன் பேசினார். “மதுரைக்காரங்கள வர வேணாம்னு சொல்லியாச்சு. வெரசாக் கெளம்புங்க, பாதிப் பொழுது போயிருச்சு.”

“சார், நான் லைட்ட அணைக்காமப் போகல சார். கம்பிதான்…”

“அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம் டிக்சன்.”

டிக்சன் சாவியைத் திருப்பினார். பிறகு சிரித்துவிட்டு, “ஏறுங்க தாயி,” என்றார். நாளைக்கும் முதல் பஸ்ஸைப் பிடிக்கலாம் என்ற நினைப்பே பாண்டிச்செல்விக்கு வயிறு நிறைந்த மாதிரி இருந்தது.

நடு ஏரியில் மூடுபனி விலகி வெயில் விழுந்திருந்தது. பாசி அடர்ந்த இடத்தில் டிக்சன் வேகத்தைக் குறைத்தார். எஞ்சின் நிற்கவில்லை. பாண்டிச்செல்வி வயிற்றை விளிம்பில் கொடுத்து, தலைகீழாகத் தண்ணீருக்குள் கைவிட்டு அறுத்தாள். அவள் விழுந்துவிடாதபடி அன்னக்கொடி அவளுடைய இடுப்புச் சேலையைப் பின்னாலிருந்து கையில் சுற்றி இழுத்துப் பிடித்திருந்தாள்.

பக்கத்தில் ஒரு குடும்பம் துடுப்புப் படகில் போனது. எல்லோரும் ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தார்கள். சிறுமி பாண்டிச்செல்வியைப் பார்த்துக் கையசைத்தாள். பாசி வழியும் கையைத் தூக்கி அவளும் அசைத்தாள். சிறுமியின் மடியில் ஒரு நாய்க்குட்டி உட்கார்ந்திருந்தது. அதற்கும் அளவாக ஒரு சின்ன ஜாக்கெட், கழுத்துவரை பட்டி இறுக்கிப் போட்டிருந்தார்கள்.